பாப்பா-ஊம்-மௌ-மௌ: ஒரு 1962 ரெக்கார்டைத் துடைத்து, ஓட்டி, கெடுத்து, மறுபடி மீட்டது

கராஜ் சேலில் ஒரு ஷூ பெட்டி நிறைய 45-கள், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்ன ரெக்கார்டுகள், மொத்தம் ஐந்து டாலர். மினியாபொலிஸ் பக்கம் மே மாதம் வந்துவிட்டால் தெருவுக்கு இரண்டு வீடாவது கராஜைத் திறந்து பழைய சாமான்களை மடக்கு மேஜையில் பரப்பி வைத்துவிடும், நானும் சனிக்கிழமை காலையில் பால் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிப் பால் இல்லாமல் திரும்புகிறவன். அன்றைக்கு விற்றுக்கொண்டிருந்தவருக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். பெட்டியில் மேலாக இருந்த தட்டை எடுத்துக் காட்டி, "இது நம்ம ஊர்ப் பசங்க போட்டது, தெரியுமா?" என்றார். ட்ராஷ்மென் குழுவின் 'சர்ஃபின் பேர்ட்'. கடலே இல்லாத மினசோட்டாவிலிருந்து வந்த சர்ஃப் பாட்டு. அதற்கு அடியில் ஒரு கறுப்பு லேபிள் தட்டு எட்டிப் பார்த்தது. "அதுவா, அது எங்க அக்கா எங்கேயோ பழசா வாங்கினது. கீறல் விழுந்திருக்கு, ஓடாது" என்றார்.

லிபர்ட்டி கம்பெனி, எண் 55427. ரிவிங்டன்ஸ் குழு, 'பாப்பா-ஊம்-மௌ-மௌ', 1962.

கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி சொன்னதையே சொல்லாதே என்று நம் வீடுகளில் திட்டுவார்கள், ரெக்கார்டையே பார்த்திராத பிள்ளைகளுக்கும் அந்தத் திட்டு தெரியும். இந்தத் தட்டின் விசேஷம், கீறல் விழாவிட்டாலும் அது சொன்னதையேதான் சொல்லும். அந்த ஐந்து அசைகளைக் கீழ்ஸ்தாயிக் குரல் ஒன்று பாட்டு முழுக்க விடாமல் உருட்டிக்கொண்டே இருக்கும். அதைத்தான் ஒரு மாதம் சாயங்காலங்களில் உட்கார்ந்து சரிசெய்தேன். எது சரியாக வந்தது, எதைக் கெடுத்தேன் என்று எழுதி வைக்கிறேன், இதே மாதிரித் தட்டு கையில் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

முதலில் இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் நான்கு பேர்: கார்ல் வைட், அல் ஃப்ரேஸியர், சன்னி ஹாரிஸ், அடித்தொண்டையில் பாடும் டர்னர் வில்சன் (எல்லோரும் ராக்கி என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்). பாப்பா-ஊம்-மௌ-மௌ வந்தபோது இவர்கள் புதுமுகங்கள் இல்லை. அதற்கு முன் ஷார்ப்ஸ் என்ற பெயரில் அடுத்தவர் பாட்டுக்குப் பின்னணி பாடிக்கொண்டிருந்தார்கள். 1957-இல் தர்ஸ்டன் ஹாரிஸ் பாடி ஹிட்டான 'லிட்டில் பிட்டி ப்ரெட்டி ஒன்' பாட்டில் பின்னால் கேட்கும் முனகல் இவர்களுடையது. 1958-இல் டுவேன் எடியின் 'ரெபெல் ரவுசர்' என்ற கிட்டார் பாட்டில் கைதட்டி, ஊளையிட்டு, கூச்சல் போடுகிறவர்களும் இவர்கள்தான். ஐந்தாறு வருஷம் அடுத்தவர் மேடைக்குக் கைதட்டிய ஆட்கள், தங்கள் முறை வந்ததும் அடக்கமாக ஒரு காதல் பாட்டு பாடியிருக்கலாம். பாடவில்லை.

கம்பெனியைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். லிபர்ட்டி என்றால் அந்த வருஷங்களில் ஜூலி லண்டனின் மெல்லிய குரல், மார்ட்டின் டென்னியின் ஹோட்டல் வராண்டா இசை, அணில் குரலில் பாடும் சிப்மங்க்ஸ், நல்ல பிள்ளையாகத் தலை வாரிய பாபி வீ. அந்தக் கறுப்பு லேபிளின் ஓரத்தில் இருக்கும் வண்ணப் பட்டையைப் பார்த்து இப்படி ஒரு கூத்து உள்ளே இருக்கும் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். பில்போர்டு ஹிட் பட்டியலில் 48-ஆம் இடத்தைத் தாண்டவில்லை, ஆனால் கேட்டவர்கள் யாரும் சும்மா இருக்கவில்லை. அந்தக் கதை பின்னால்.

இப்போது மெஷின். என்னிடம் இருப்பது 1970 வாக்கில் செய்த ஒரு ஜெர்மன் ஆட்டோமேட்டிக் டர்ன்டேபிள், ஐட்லர் வீல் ரகம். பெல்ட் கிடையாது. மோட்டாரின் தண்டில் படிப்படியாக ஒரு புல்லி, அதன் மேல் உரசும் ரப்பர் சக்கரம், அந்தச் சக்கரம் தட்டுமேடையின் உள்விளிம்பைத் தள்ளிச் சுற்றும். மூன்று வருஷமாக அடித்தளத்தில் போர்வை போர்த்திக் கிடந்தது. எடுத்து ஓட்டினால் மூன்று கோளாறு: வேகம் மாற்றும் நெம்பு அசையவில்லை, ஊசியைத் தாங்கும் கை தானாக எழுந்து தட்டுக்குப் போகவில்லை, சுற்றும்போது அடியில் மாவு மில் மாதிரி ஒரு உறுமல்.

நெம்பு அசையாததற்குக் காரணம் சுலபம், ஐம்பது வருஷப் பழைய கிரீஸ் காய்ந்து கோந்தாகியிருந்தது. கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு மூட்டிலும் மெழுகு மாதிரி மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. இங்கே பலர் செய்கிற தப்பு, மேலே புதிதாக எண்ணெய் தெளித்துவிட்டு நெம்பை வலுவாகத் தள்ளுவது. தள்ளினால் துத்தநாக வார்ப்பு உடையும், உடைந்தால் வேறு பாகம் தேடி அலைய வேண்டும். ஒவ்வொரு நெம்பையும் அதன் சின்ன வளையத்தைக் கழற்றி எடுத்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த காட்டன் பட்ஸால் துடைத்து, மெலிதாகப் புதுக் கிரீஸ் தடவித் திருப்பி மாட்டினேன். போனில் படம் எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். நான் படம் எடுத்தும் ஒரு வளையம் மேஜையிலிருந்து துள்ளி எங்கேயோ போய்விட்டது, மறுநாள் காலை என் செருப்புக்குள் இருந்தது.

கை எழும்பாத விஷயம் இதைவிட ருசியானது. அந்த இயந்திரத்துக்குள்ளே கையைத் தள்ளிவிடும் உலோகத் துண்டின் நுனியில் அரிசி மணி அளவு ஒரு ரப்பர் குப்பி இருக்கும். அந்த உரசல்தான் கையை நகர்த்தும். காலப்போக்கில் அது பிசுபிசுத்துத் தூளாகிவிடும், நுனி மட்டும் மொட்டையாக நிற்கும், மற்றதெல்லாம் சரியாகச் சுற்றினாலும் கை இடத்தைவிட்டு நகராது. புதிது ஆன்லைனில் கிடைக்கிறது, தபால் செலவு பாகத்தைவிட நாலு மடங்கு. சின்ன வயதில் சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்தவன் என்பதால் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வால்டியூப், சைக்கிள் ட்யூப் வால்வில் போடும் மெல்லிய ரப்பர் குழாய். ஊருக்குப் போனபோது வாங்கி வந்த ஒரு துண்டு டூல் பெட்டியில் கிடந்தது (எதற்கு வாங்கினேன் என்று கேட்காதீர்கள், வால்டியூப் எப்போதும் ஒரு துண்டு இருக்க வேண்டும்). மூன்று மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவாக பிளேடால் வெட்டி, இடுக்கியால் பிடித்து நுனியில் சொருகினேன். முதல் துண்டு நீளம் அதிகம், கை எழுந்து தட்டைத் தாண்டிப் போய் நடுவில் இறங்கியது. அரை மில்லி குறைத்தேன். இப்போது பொத்தானைத் தட்டினால் எழுந்து, கொஞ்சம் யோசித்து, ஓரத்தில் இறங்குகிறது.

உறுமலுக்கு ரப்பர் சக்கரத்தின் விளிம்பைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருந்தது. நைஸ் உப்புத்தாளை அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தை இரண்டு சுற்று சுற்றவிட்டு, ஆல்கஹாலால் துடைத்து, கை படாமல் மாட்டியதில் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் கால்வாசியைப் பற்றிக் கவலைப்படவில்லை. உறுமல் பெரும்பாலும் மேல்-கீழ் அசைவு, இது மோனோ தட்டு, மோனோவில் பாட்டு இடம்-வலம் அசைவில் மட்டும்தான் பதிந்திருக்கும். இரண்டு சேனலையும் கூட்டிவிட்டால் மேல்-கீழ் சமாசாரம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

வேகம் பார்க்க 160 கோடு போட்ட காகித வட்டம் ஒன்றை அச்சடித்தேன். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 120 முறை துடிக்கும், 45 வேகத்தில் 160 கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிய வேண்டும். எல்.ஈ.டி. வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடித்தளத்தில் மிச்சமிருந்த ஒரு குண்டு பல்பைப் பிடித்ததும் தெரிந்தது, கோடுகள் மெல்ல முன்னால் நகர்ந்தன. சின்னத் திருகு ஒன்றைத் திருகி நிறுத்தினேன். அரை நிமிட வேலை.

அப்புறம் தட்டு.

பழைய அமெரிக்க 45-களில் இரண்டு ஜாதி உண்டு, வினைல், ஸ்டைரீன். பார்த்தால் ஒன்றுபோல் இருக்கும். லேபிளைப் பாருங்கள்: வினைலில் லேபிள் தட்டோடு சேர்த்து அழுத்தப்பட்டிருக்கும், ஸ்டைரீனில் பின்னால் ஒட்டியிருப்பார்கள், நகத்தால் ஓரத்தைத் தொட்டால் தாள் தட்டுப்படும். விரல் நுனியால் மெதுவாகத் தட்டினால் ஸ்டைரீன் 'டிக்' என்று பிளாஸ்டிக் தட்டு மாதிரிச் சொல்லும். என் தட்டு ஸ்டைரீன். நல்ல செய்தி, வளையாது. கெட்ட செய்தி, விரிசல் விடும், சீக்கிரம் தேயும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் நடு ஓட்டையிலிருந்து லேபிள் பாதி வரை முடி அளவு ஒரு விரிசல். பாட்டு இருக்கும் பகுதிக்கு வரவில்லை. பசை போட்டு ஒட்டலாமா என்று ஒரு நாள் யோசித்தேன், சில பசைகள் ஸ்டைரீனையே கரைக்கும் என்பதால் தொடவில்லை.

தேய்மானம்தான் பெரிய பயம். ஒவ்வொரு முறை ஊசி ஓடும்போதும் இதில் கொஞ்சம் போகிறது. அதனால் ஒரு கணக்கு வைத்தேன்: இந்தத் தட்டை மொத்தம் பத்து முறைதான் ஓட்டுவது. செட்டிங் எல்லாம் அதே பெட்டியில் இருந்த வேறொரு ஸ்டைரீன் தட்டில் பார்த்துக்கொள்வது. அந்தப் பலியாடு ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. ஜூன் மாதத்தில் அதை நாற்பது தடவை கேட்டேன், வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

துடைக்க ஆல்கஹால் வேண்டாம் என்று முடிவு செய்தேன், ஸ்டைரீனுக்கு அது ஆகாது. டிஸ்டில்டு வாட்டர், அதில் போட்டோ கழுவுகிறவர்கள் கடைசியில் சேர்க்கும் ஈரமாக்கும் திரவம் நான்கு சொட்டு. சுவர் ஓரம் பெயிண்ட் அடிக்கும் சின்ன பேட் இரண்டு வாங்கினேன், ஒன்று நனைத்துச் சுற்ற, இன்னொன்று சுத்தத் தண்ணீரில் அலச. பள்ளம் ஓடும் திசையிலேயே சுற்ற வேண்டும், குறுக்கே போகக்கூடாது. இவ்வளவு கவனமாக இருந்தும் ஒரு சொட்டு வழிந்து லேபிள் ஓரத்தில் ஏறி, அந்த வண்ணப் பட்டை அருகே தாள் கொப்புளம் விட்டது. வயிற்றைப் பிசைந்தது. மையுறிஞ்சு தாள் வைத்து, மேலே தடியான ஒரு அகராதியை ஏற்றி ஒரு ராத்திரி விட்டேன். காலையில் படிந்திருந்தது, பக்கவாட்டு வெளிச்சத்தில் மட்டும் ஒரு மேடு தெரிகிறது. பேட்டில் வந்த அழுக்கு டீத்தூள் நிறம். அறுபது வருஷ சிகரெட் புகை என்று நினைக்கிறேன், வாசனை அப்படித்தான் இருந்தது.

ஊசி தேர்வில் எனக்குச் சொல்லப்பட்டதற்கு நேர் எதிராக ஒன்று நடந்தது. 1962 மோனோ தட்டுக்கு ஒரு மில் உருண்டை ஊசிதான் சரி என்பார்கள், அதாவது நுனியின் ஆரம் 25 மைக்ரான். பின்னால் ஸ்டீரியோவுக்கு வந்தது 0.7 மில், சுமார் 18 மைக்ரான், கொஞ்சம் மெலிசு. முதல் ஓட்டம் ஒரு மில்லில். கரகரவென்று எண்ணெயில் அப்பளம் போட்ட சத்தம். இரண்டாவது 0.7 உருண்டையில். பாதி சத்தம் காணோம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்: அந்தக் காலத்து வீட்டுப் பெட்டிகளில் கையின் பாரம் ஐந்து கிராமுக்கு மேல் இருக்கும், தடித்த ஊசி பள்ளத்தின் மேல் பகுதியில் உட்கார்ந்து அங்கேயே உழுதிருக்கிறது. மெலிந்த ஊசி அதற்குக் கொஞ்சம் கீழே, யாரும் போகாத இடத்தில் ஓடுகிறது. அப்படியானால் இன்னும் மெலிந்த நீள்வட்ட ஊசி போடலாமே என்று ஆசை வந்தது. ஸ்டைரீனில் அதை ஓட்டினால் செதுக்கிவிடும் என்று பலரும் எச்சரிப்பதால் கிறிஸ்துமஸ் பாட்டில் மட்டும் பார்த்தேன், 'ஸ்ஸ்' இரைச்சல் கூடியது, விட்டுவிட்டேன். கடைசியில் 0.7 உருண்டை, பாரம் 2.5 கிராம்.

அடுத்து ஒரு வினோதம். மூன்றாவது ஓட்டத்தில் அந்தக் கீழ்ஸ்தாயிக் குரல் மெல்ல மேலே போய்க் கீழே வருகிறது. ராக்கி வில்சனுக்குச் சுருதி விலகுமா? எண்ணிப் பார்த்தேன், சரியாக 1.33 வினாடிக்கு ஒரு முறை. 45 சுற்று வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.33 வினாடி. பாடகர்மேல் தப்பில்லை, தட்டு மையத்தில் உட்காரவில்லை. 45-இன் நடு ஓட்டை ஒன்றரை அங்குலம், 38 மில்லி. அதற்குள் அழுத்திப் பொருத்தும் மஞ்சள் பிளாஸ்டிக் சக்கரம் போட்டால் விரிசல் பெரிதாகிவிடும் என்று பயந்து, சும்மா மேடையில் வைக்கும் அலுமினியக் கட்டையைப் பயன்படுத்தியிருந்தேன். அது ஒரு மில்லி சிறிசு. அரை மில்லி நகர்ந்தாலே போதும், பள்ளத்தின் ஆரம் எழுபது மில்லி என்று வைத்தால் வேகம் நூற்றுக்கு 0.7 கூடி 0.7 குறையும். காது கண்டுபிடித்துவிடும். கட்டையைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் இறுக்கம் தெரிந்தது, உரித்தேன். குரல் நின்ற இடத்தில் நின்றது.

நான்காவது ஓட்டத்தில் பதிவு செய்தேன். ப்ரீஆம்ப் (ஊசியிலிருந்து வரும் மெலிந்த சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் பெட்டி) வழியாகக் கம்ப்யூட்டருக்கு, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். இங்கே ஒரு குறிப்பு: மோனோதானே என்று எடுத்தவுடன் இரண்டு சேனலையும் கூட்டிவிடாதீர்கள். தனித்தனியாக எடுத்துக் கேளுங்கள். இடது சேனல் என்பது பள்ளத்தின் உள்சுவர், வலது வெளிச்சுவர். பழைய மெஷின்களில் கை நடுப்பக்கமாக இழுத்துக்கொண்டே போகும், அதைத் தடுக்க ஏற்பாடு இருக்காது, உள்சுவர் அதிகமாக அடிவாங்கும். என் தட்டில் சத்தம் உச்சத்துக்குப் போகும் இடங்களில் இடது சேனல் கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி, வலது கிட்டத்தட்ட ஒழுங்கு. அந்த இடங்களில் வலதை மட்டும் வைத்துக்கொண்டேன், மற்ற இடங்களில் இரண்டையும் கூட்டினேன்.

இனி நான் கெடுத்த கதை.

டிக் டிக் சத்தத்தைத் தானாக எடுக்கும் மென்பொருள் ஒன்றில் கோப்பைப் போட்டு, அளவை நன்றாகத் தூக்கி வைத்து, பொத்தானை அழுத்திவிட்டு டீ போடப் போனேன். வந்து கேட்டால் அவ்வளவு சுத்தம். பின்னணியில் ஒரு பொட்டு சத்தம் இல்லை. பெருமையாகப் பெண்ணைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். எட்டு வயது. கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அப்பா, இந்த மாமா வாயில பஞ்சு வெச்சுக்கிட்டுப் பாடறாரா?"

திரும்பக் கேட்டேன். அவள் சொன்னது சரி. 'பாப்பா' என்று இல்லை, 'ஆஆ-ஊம்' என்று வருகிறது. 'ப' எல்லாம் காணாமல் போயிருந்தது. காரணம் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது விளங்கியது. கீறல் என்பது அலைவடிவத்தில் ஒரு மில்லிவினாடி அளவுக்குத் திடீரென்று எழும் முள். உதட்டைச் சேர்த்து வெடித்துத் திறக்கும் 'ப'வின் தொடக்கமும் அப்படித்தான், திடீர் முள். டிரம்மில் குச்சி விழும் கணமும் அதே. மென்பொருளுக்கு அழுக்கு எது, ஆள் எது என்று தெரியாது. சாதாரணக் காதல் பாட்டாக இருந்தால் இதைக் கவனித்திருக்கவே மாட்டேன், நீண்ட உயிரெழுத்துகளில் மிதக்கும் குரலில் முள் குறைவு. இந்தப் பாட்டு முழுக்க முள். கீழே ஒருவர் சொல்கட்டு சொல்வதுபோல அசைகளை வெட்டி வெட்டி எறிகிறார், மேலே கார்ல் வைட் பாடுவதா கத்துவதா என்று முடிவு செய்யாமல், இவ்வளவு வேடிக்கையான சத்தத்தைக் கேட்டதே இல்லை, ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். புரியாததைப் பற்றிய புகாரே பாட்டாகிவிட்டது. அதில் 'ப'வை எடுத்துவிட்டால் புலம்புவதற்கே விஷயம் இல்லை.

அந்தக் கோப்பை அழித்துவிட்டேன். கையால் செய்வது என்று உட்கார்ந்தேன்.

ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் 'ரிப்பேர்' என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரு தடவைக்கு 128 சாம்பிள் (ஒலியின் அளவுப் புள்ளிகள்) வரைதான் எடுத்துக்கொள்ளும், இரண்டு பக்கமும் இருக்கிற அலையைப் பார்த்து நடுவை நிரப்பும். 96 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் 1.33 மில்லிவினாடி. தட்டின் ஒரு சுற்று 1.33 வினாடி. தற்செயல்தான், ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு இப்படிப்பட்ட விஷயம் சிரிப்பு வரவழைக்கும். விற்ற பெரியவர் சொன்ன கீறல் ஒன்றுதான், பள்ளங்களின் குறுக்கே சாய்வாக ஓடுகிறது, 22 பள்ளத்தைத் தொட்டிருக்கிறது. அதனால் வேலை சுலபம்: முதல் டிக்கைக் கண்டுபிடித்ததும் 1.33 வினாடி தள்ளிப் போனால் அடுத்தது அங்கே தயாராகக் காத்திருக்கும், ரேஷன் கடை வரிசை மாதிரி. 22-இல் 19 பாட்டுக்கு வெளியே, அதாவது அசைகளுக்கு நடுவில் விழுந்திருந்தன, சுவடே இல்லாமல் போய்விட்டன. இரண்டு டிரம் அடிமேல், யாருக்கும் தெரியாது. ஒன்று மட்டும் சரியாக ஒரு 'ப'மேல் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தால் எழுத்து போகிறது, விட்டால் டிக் கேட்கிறது. நான்கு வரி முன்னால் அதே அசையை ராக்கி வில்சன் சொன்ன இடத்திலிருந்து ஒரு 'ப'வைப் பிரதியெடுத்து ஒட்டிப் பார்த்தேன். சுருதி ஒத்தது, தாளம் ஒத்தது, ஆனால் கேட்டால் அவர் ஒரு நொடி வேறு அறைக்குப் போய்வந்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரிச் சொல்கிறார் மனுஷன், ஒன்றையே திருப்பிச் சொல்கிறவர்போலத் தோன்றினாலும். ஒட்டியதை எடுத்துவிட்டு டிக்கை அப்படியே விட்டேன்.

பாட்டு தொடங்கும் இடத்தில் இரண்டு வினாடி 'ஷ்ஷ்' என்று ஒரு இரைச்சல் இருக்கிறது. இது வீட்டில் கேட்டதால் வந்ததில்லை. டிஜே-க்கள் பாட்டின் முதல் சத்தத்தைக் கண்டுபிடித்து ஊசியை அங்கே நிறுத்தத் தட்டை முன்னும் பின்னுமாக ஆட்டுவார்கள், ஸ்டைரீனில் அந்த இடம் எரிந்துபோகும். ஆக அக்காவுக்கு முன்னால் இது யாரோ ஒரு டிஜே கையில் இருந்திருக்கிறது, அவர் இதைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார். இரைச்சல் குறைக்கும் கருவியைப் போட்டுப் பார்த்தேன், குரல் தண்ணீருக்குள் போனது. விட்டேன். இருக்கட்டும்.

மறுபக்கம் 'டீப் வாட்டர்'. அதையும் ஒரு ஓட்டத்தில் பதிவு செய்தேன், அந்தப் பக்கம் தேய்மானமே இல்லை. யாரும் திருப்பிப் போட்டதில்லை போலிருக்கிறது.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன், ரிவிங்டன்ஸும் ட்ராஷ்மெனும். பாப்பா-ஊம்-மௌ-மௌவுக்கு அடுத்த வருஷம், 1963-இல், ரிவிங்டன்ஸ் 'தி பேர்ட்ஸ் தி வேர்ட்' என்று இன்னொன்று போட்டார்கள், அது 52-ஆம் இடம். ட்ராஷ்மென் பையன்கள் இந்த இரண்டாவது பாட்டை வேறொரு குழு மேடையில் பாடக் கேட்டு, அதையும் பாப்பா-ஊம்-மௌ-மௌவையும் ஒன்றாகப் பிசைந்து, டிரம் வாசிக்கும் ஸ்டீவ் வாரர் தொண்டை கிழியக் கத்த, என் வீட்டிலிருந்து இருபது நிமிஷக் கார் தூரத்தில், நிக்கலெட் அவென்யூவில் இருந்த கே பேங்க் ஸ்டூடியோவில் பதிவு செய்தார்கள். அது 1964 தொடக்கத்தில் நாடு முழுக்க 4-ஆம் இடத்துக்குப் போனது. முதலில் வந்த தட்டுகளில் எழுதியவர் என்று வாரர் பெயர் மட்டும். ரிவிங்டன்ஸ் தரப்பு வக்கீல் மூலம் கேட்ட பிறகு அவர்கள் நால்வர் பெயர் வந்தது. ஷூ பெட்டியில் இருந்த 'சர்ஃபின் பேர்ட்' லேபிளைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வாரர் பெயர் மட்டும். என் மேஜைமேல் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

இரண்டில் எது பெரிய கூத்து என்று கேட்டால், ட்ராஷ்மென் சத்தம் அதிகம், நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுத் தொண்டையில் கொப்பளிக்கிற இடம் எப்போது கேட்டாலும் சிரிப்பு. ஆனால் அவர்கள் கத்த வேண்டும் என்றே வந்து கத்துகிறார்கள். ரிவிங்டன்ஸ் பாடத் தெரிந்தவர்கள், நான்கு குரலும் சுருதி பிசகாமல், வருஷக்கணக்கில் பழகிய ஒழுங்கோடு நின்று, அந்த ஒழுங்கை வைத்துக்கொண்டே பைத்தியம் பிடித்த மாதிரிப் பாடுகிறார்கள். எனக்கு இதுதான்.

விற்ற பெரியவருக்கு ஒரு சிடியில் போட்டு எடுத்துப் போனேன். கராஜிலேயே பழைய பூம்பாக்ஸில் போட்டார். பாதியில் நிறுத்திவிட்டு, "இது நம்ம பசங்க பாட்டுல்ல?" என்றார். இல்லை, இதுதான் முதலில் என்றேன். திரும்ப ஆரம்பத்திலிருந்து போட்டார். "அக்கா இதைத்தான் சமையல்கட்டுல பாடிக்கிட்டே இருப்பா, அவளுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு அம்மா கவலைப்பட்டாங்க" என்றார். நான் தட்டைத் திருப்பிக் கொடுக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று கையசைத்தார், சிடி போதுமாம்.

ஓட்டக் கணக்கு: ஊசிக்கு இரண்டு, சுருதி விலகலைக் கண்டுபிடித்தது ஒன்று, பதிவு ஒன்று, ஒப்பிட்டுச் சரிபார்க்க மூன்று, ஒரு நண்பர் வந்தபோது வீம்புக்கு ஒன்று, டேப் சுற்றியது நிற்கிறதா என்று ஒன்று. ஒன்பது. பத்தாவதை வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பெண் வந்து, "அப்பா, பஞ்சு மாமா பாட்டை நான் போடறேன்" என்றாள். கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்றேன். அது வேண்டாம், அந்தக் கை தானா போறது பார்க்கணும் என்றாள். சரி என்று தட்டை வைத்து, கட்டை இறுகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பொத்தானை அவளிடம் விட்டேன். கை எழுந்தது, யோசித்தது, இறங்கியது. 'ஷ்ஷ்' என்று அந்த டிஜே-யின் இரண்டு வினாடி. இரண்டரை நிமிடம்கூட இல்லாத பாட்டு. முடிந்ததும் கை தானாகத் திரும்பி வந்து, 'டக்' என்று தாங்கியில் உட்கார்ந்து, மோட்டார் நின்றது.

"இன்னொரு தடவை?" என்றாள்.